வேகம் இருக்கிறது, குறி தவறுகிறது: பேஸ்பால் பிட்சர் பற்றிய கேள்வி – பதில்

பந்தை எறியும் பிட்சர்களின் பருவக் கணக்கைப் படிப்பது எப்படி, வேகமாக எறிபவர்கள் ஏன் குறி தவறுகிறார்கள் என்று வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பேட்டர் நிற்கும் இடத்தில் கற்பனையாக வரைந்த ஸ்ட்ரைக் கட்டத்துக்கு வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்ட பந்துக்கு ஆங்கிலத்தில் ‘பால்’ என்றே பெயர். தமிழில் படிக்கும்போது குழப்பும் என்பதால் அதை வெளிப்பந்து என்று எழுதுகிறோம். நான்கு வெளிப்பந்து சேர்ந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுதான் ‘வாக்’. பந்து கட்டத்துக்குள் வந்தாலோ, வீசிய மட்டையில் படாமல் போனாலோ ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் பேட்டர் அவுட். அதுதான் ‘ஸ்ட்ரைக் அவுட்’.

கேள்வி: பழைய பேஸ்பால் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் சியாட்டில் மரினர்ஸ் அணியின் ராண்டி ஜான்சனுடைய 1991 பருவக் கணக்கைப் பார்த்தேன். 13 வெற்றி, 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.98, இன்னிங்ஸ் 201.1, ஹிட் 151, வாக் 152, ஸ்ட்ரைக் அவுட் 228. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன் நான். இது நல்ல பருவமா, மோசமான பருவமா?
— நியூ ஜெர்சி வாசகர்

பதில்: முதலில் அந்த 201.1. அதைத் தசமமாகப் படிக்கக் கூடாது. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். புள்ளிக்குப் பின்னால் 1 இருந்தால் கூடுதலாக ஓர் அவுட், 2 இருந்தால் இரண்டு அவுட். ஆகவே இது இருநூற்றொன்றும் மூன்றில் ஒரு பங்கும். கால்குலேட்டரில் 201.33 என்று போடுங்கள். அப்படியே 201.1 என்று போட்டு வகுப்பதுதான் புதிதாகக் கணக்குப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் பிழை.

அடுத்து, வெற்றி தோல்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அது பிட்சர் ஒருவருடைய கணக்கே இல்லை. அவருடைய அணி எத்தனை ரன் அடித்தது என்பதும் அதில் கலந்திருக்கிறது. 1987இல் ஹூஸ்டன் அணிக்கு ஆடிய நோலன் ரயன் 2.76 என்று லீகிலேயே மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) வைத்திருந்தார், 270 ஸ்ட்ரைக் அவுட்டும் எடுத்தார். அந்த வருடம் அவர் கணக்கில் 8 வெற்றி, 16 தோல்வி.

இப்போது உங்கள் அட்டையில் கண் போக வேண்டிய இடம், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 151, 152 என்ற இரண்டு எண்கள். பேட்டர்கள் அடித்து பேஸுக்குப் போனது 151 முறை. அடிக்காமல் நடந்து போனது 152 முறை. அவர் பந்தை அடிப்பது அவ்வளவு கடினம், அவரோ அடிக்கவே வேண்டாத பந்துகளை அவ்வளவு எறிந்திருக்கிறார். வாக்கை 9ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுத்தால் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை வாக் என்று தெரியும். 152 × 9 ÷ 201.33 = 6.79. பெரிய லீகில் சராசரி பிட்சர் மூன்றை ஒட்டி இருப்பார். ஹிட்டையும் வாக்கையும் கூட்டி இன்னிங்ஸால் வகுப்பது ‘விப்’: (151 + 152) ÷ 201.33 = 1.50. இன்னிங்ஸுக்கு ஒன்றரைப் பேர் பேஸில் நிற்கிறார்கள். நல்ல பிட்சருக்கு இது 1.20க்குக் கீழே இருக்க வேண்டும்.

கணக்கில் நேரடியாகத் தெரியாத நட்டம் இன்னொன்று உண்டு. ஒரு வாக்குக்குக் குறைந்தது நான்கு பந்து எறிந்தாக வேண்டும். 152 வாக் என்றால் 608 பந்து. ஓர் இன்னிங்ஸுக்கு 15 பந்து என்று வைத்தால் ஏறக்குறைய 40 இன்னிங்ஸுக்கான உழைப்பு, ஒருவரையும் அவுட்டாக்காமல் போயிருக்கிறது. அந்த வருடம் 33 ஆட்டம் தொடங்கிய ஜான்சன் சராசரியாக ஆறு இன்னிங்ஸோடு களைத்து வெளியேறியது இதனால்தான்.

ஆக, கை அபூர்வம், பருவம் சுமார். 1990, 1991, 1992 மூன்று வருடமும் அமெரிக்கன் லீகில் அதிக வாக் கொடுத்தவர் அவரே.

கேள்வி: ஈ.ஆர்.ஏ. சுமாராக இருந்தால் போதாதா? கடைசியில் எத்தனை ரன் போனது என்பதுதானே முக்கியம்?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: ஈ.ஆர்.ஏ. என்பது பிட்சரின் பொறுப்பில் விழும் ரன்களை 9ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுத்து வருவது. ஃபீல்டர் பிழையால் வந்த ரன் இதில் சேராது. பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர், பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் ‘பாஸ்டு பால்’. அதனால் வந்த ரன்னும் சேராது. பிட்சரே கேட்சருக்கு எட்டாத இடத்தில் எறிந்தால் ‘வைல்ட் பிட்ச்’. அந்த ரன் சேரும். இவர் வாக் கொடுத்து பேஸில் நிறுத்திவிட்டுப் போன ஆளை, அடுத்து வந்த பிட்சர் ரன் எடுக்க விட்டாலும் அது இவர் தலையில்தான். அடுத்தவர் காப்பாற்றிவிட்டால் இவருக்குப் பழுதில்லை. இப்படிப் பிறர் கையில் இருப்பது நிறைய என்பதால், ஒரே பருவத்தின் ஈ.ஆர்.ஏ. நம்மை ஏமாற்றக் கூடும்.

அதனால் ஃபீல்டர்களை விலக்கிவிட்டுப் பார்க்கும் எஃப்.ஐ.பி. என்ற கணக்கை இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள். ஹோம் ரன் எண்ணிக்கையை 13ஆல் பெருக்குங்கள். வாக்கையும், பந்து உடம்பில் பட்ட பேட்டர்களையும் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்டை 2ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். வந்ததை இன்னிங்ஸால் வகுத்து, 3ஐ ஒட்டிய ஒரு நிலை எண்ணைக் கூட்டுங்கள். அந்த நிலை எண் வருடத்துக்கு வருடம் சற்று மாறும்.

இதில் கவனிக்க வேண்டியது 3, 2 என்ற எடைகள். ஒரு வாக்கின் சேதத்தைச் சரிக்கட்ட ஒன்றரை ஸ்ட்ரைக் அவுட் வேண்டும். முந்தைய கேள்வியில் இருந்த 1991 கணக்கையே போட்டுப் பாருங்கள். 228 ஸ்ட்ரைக் அவுட்டை 2ஆல் பெருக்கினால் 456. 152 வாக்கை 3ஆல் பெருக்கினால் அதுவும் 456! ஒரு பருவம் முழுக்க சம்பாதித்த ஸ்ட்ரைக் அவுட் லாபத்தை வாக் ஒன்றுவிடாமல் தின்று தீர்த்திருக்கிறது. 1993இல் அதே ஜான்சன் 308 ஸ்ட்ரைக் அவுட், 99 வாக். 616க்கு எதிரே 297. இந்த வித்தியாசத்தைவிடத் தெளிவாக வாக்கின் விலையைச் சொல்லும் கணக்கு எங்களுக்குத் தெரியாது.

கேள்வி: இவ்வளவு சம்பளம் வாங்குபவர்களால் 60 அடி தூரத்தில் இருக்கும் ஒரு இடத்தைப் பார்த்து எறிய முடியாதா? கிரிக்கெட்டில் ஒரு ஓவரில் ஆறு வைடு போட்டால் நாம் கத்துகிறோம்.
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் தூரத்தையும் அகலத்தையும் வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிட்சர் காலை வைக்கும் ரப்பர் பலகையிலிருந்து, பேட்டர் பக்கம் தரையில் பதித்த ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம். 1893இலிருந்து இந்தத் தூரம் மாறவில்லை. பிட்சர் முன்னால் எட்டி வைத்துத்தான் பந்தை விடுகிறார் என்பதால், பந்து பறக்கும் தூரம் சுமார் 55 அடி, அதாவது 660 அங்குலம். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். நடுவில் குறி வைத்தால் இருபக்கமும் எட்டரை அங்குலம் இருக்கிறது. பந்தின் ஓரம் பிளேட்டின் மேலே உரசிப் போனாலே ஸ்ட்ரைக் என்பதால் இன்னும் ஒன்றரை அங்குலம் சலுகை. இப்போது பந்து கையை விட்டுக் கிளம்பும் திசை ஒரே ஒரு டிகிரி பிசகினால் என்ன ஆகும்? 660 அங்குலம் போய்ச் சேரும்போது பதினொன்றரை அங்குலம் விலகிவிடும். வெளிப்பந்து! அதுவும் நடுவில் குறி வைத்தபோது. நடுவில் எறிந்தால் அடி விழும் என்பதால் நல்ல பிட்சர் ஓரத்தில்தான் குறி வைப்பார். அங்கே அரை டிகிரிகூடத் தாங்காது.

நேரக் கணக்கு இன்னும் கடுமை. மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியும் கை, பந்தை விடும் கணத்தில் விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகிறது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விரல் பந்தை விடும் இடம் ‘ரிலீஸ் பாயின்ட்’. அது கொஞ்சம் முந்தினால் பந்து மேலே போகும், பிந்தினால் மண்ணில் குத்தும். இந்த நேரத்தை மூளை யோசித்து முடிவு செய்ய வாய்ப்பே இல்லை. கால் ஊன்றும் இடம், இடுப்பு திரும்பும் நேரம், தோள் திறக்கும் நேரம் இவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைந்தால் கையும் ஒரே இடத்தில் வந்து பந்தை விடும். அடியில் இருப்பது மாறினால் மேலே இருக்கும் விரல் எவ்வளவு பழகியிருந்தாலும் பயனில்லை.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். அங்கே பந்து தரையில் பட்டுப் போகலாம், ஓடிவந்து போடலாம், வைடு போட்டால் ஒரு ரன் கொடுத்துவிட்டு மீண்டும் போடலாம். இங்கே 10 அங்குல உயர மேட்டில், ஒரு காலை ரப்பரில் வைத்து, நின்ற நிலையிலிருந்து மேட்டுச் சரிவில் இறங்கி எறிய வேண்டும். அந்தச் சரிவு வேகத்தைக் கொடுக்கிறது; கால் ஊன்றுவதில் இருக்கும் சின்னப் பிழையைப் பெரிதாக்கவும் செய்கிறது.

கேள்வி: ஜான்சன் பிறகு எப்படித் திருந்தினார்? ஐந்து முறை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர் அவர் என்று படித்ததும் நம்பவே முடியவில்லை.
— சென்னை வாசகி

பதில்: இது நம்பத்தகுந்த விதத்திலேயே நடந்தது. ஒரே நாளில் நடக்கவில்லை என்பதையும் எண்கள் காட்டுகின்றன.

6 அடி 10 அங்குல உயரம், இடது கைக்காரர். உயரம் ஒரு வரம்தான். ஆனால் நீளமான கையும் காலும் ஒன்றோடொன்று நேரம் தவறாமல் சேர வேண்டும். எலும்பு நீளமாக நீளமாக ஒரு சின்னப் பிசகு முனையில் பெரிதாகத் தெரியும். 1990 ஜூன் 2ஆம் தேதி டெட்ராய்ட் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். அந்த ஆட்டத்திலும் 6 வாக் கொடுத்திருந்தார்.

1992 ஆகஸ்டில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி சியாட்டிலுக்கு வந்தபோது, அதன் பிட்சர் நோலன் ரயனும் பிட்சிங் பயிற்சியாளர் டாம் ஹவுஸும் ஜான்சனோடு உட்கார்ந்து பேசினார்கள். எதிரணிக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கண்டது கையில் இருந்த குறை அல்ல. ஜான்சன் முன்னால் எட்டி வைக்கும் வலது காலைக் குதிகாலில் ஊன்றிக்கொண்டிருந்தார். குதிகால் ஒரு திருகாணி மாதிரி. உடம்பு அதன்மேல் சுழன்று மூன்றாம் பேஸ் பக்கம் சாய்ந்துவிடும். உடம்பு முன்னே போய்விட, கை பின்னால் இழுபட்டு வரும். ரிலீஸ் பாயின்ட் ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வொரு இடத்தில் அமையும். குதிகாலை விட்டுவிட்டு, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் முன்பாதத்தில் ஊன்றச் சொன்னார்கள். அப்போது உடம்பின் விசை நேராக ஹோம் பிளேட்டை நோக்கிப் போகும்.

1992 மொத்தமாகப் பார்த்தால் 210.1 இன்னிங்ஸில் 144 வாக், அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.16. 18 பேட்டர்கள் உடம்பில் பந்து பட்டது. ஆனால் அந்தப் பருவத்தின் கடைசி வாரங்களிலேயே மாற்றம் தெரிந்தது. செப்டம்பர் 27 அன்று, அதே டெக்சஸ் அணிக்கு எதிராக 8 இன்னிங்ஸில் 18 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். அதற்கு 160 பந்து எறிந்தார். இன்று எந்த அணியும் அதை அனுமதிக்காது. அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸ் நாளில் அவருடைய தந்தை இறந்தார். அதன் பிறகு ஆட்டத்தை அணுகிய மனநிலையே மாறியது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1993: 19 வெற்றி, 8 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.24, 255.1 இன்னிங்ஸ், 99 வாக், 308 ஸ்ட்ரைக் அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு வாக் 3.49. 1991ஓடு ஒப்பிட்டால் விப் 1.50இலிருந்து 1.11க்கு இறங்கியது. ஆட்டத்துக்கு ஆறு இன்னிங்ஸ் ஆடியவர் ஏழுக்கு மேல் ஆடினார். வாக் குறையும்போது ஸ்ட்ரைக் அவுட்டும் குறைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே ஒன்பது இன்னிங்ஸுக்கான ஸ்ட்ரைக் அவுட் 10.19இலிருந்து 10.86ஆக ஏறியிருக்கிறது. காரணம் எளிது. முதல் இரண்டு பந்தும் ஸ்ட்ரைக் ஆகிவிட்டால், மூன்றாவதாக வரும் ஸ்லைடர் என்ற வளையும் பந்து மண்ணை நோக்கிச் சரிந்தாலும் பேட்டர் வீசியே ஆக வேண்டிய நிலையில் இருப்பார். இரண்டும் வெளிப்பந்து என்றால் அதே ஸ்லைடரை அவர் நின்று வேடிக்கை பார்ப்பார்.

2004இல், 40 வயதில், 245.2 இன்னிங்ஸில் அவர் கொடுத்தது 44 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.61.

கேள்வி: கட்டுப்பாடு இல்லாதவர்கள் கொஞ்சம் மெதுவாக எறிந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
— நியூ ஜெர்சி வாசகர்

பதில்: சிலருக்கு உண்மை. இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் டாட்ஜர்ஸ் அணியின் இடது கைப் பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ். பெரிய தொகை கொடுத்து எடுத்த இளைஞர்களை இரண்டு வருடம் பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அதனால் சிறிய லீகில் ஆடிப் பழக அவருக்கு வாய்ப்பே இல்லை. 1955இல் 41.2 இன்னிங்ஸ், 1956இல் 58.2 இன்னிங்ஸ், அவ்வளவுதான் எறியக் கிடைத்தது. அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பில் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிந்தார். 1960இல் 175 இன்னிங்ஸில் 100 வாக்.

1961 வசந்தகாலப் பயிற்சியில், ஃப்ளோரிடாவில் ஒரு பயிற்சி ஆட்டத்தின்போது, பேஸ் எல்லாம் நிரம்பி நின்ற நேரத்தில், கேட்சர் நார்ம் ஷெர்ரி அவரிடம் போய்ச் சற்றுத் தளர்த்தி எறியச் சொன்னார். பந்தின் வேகம் கண்ணுக்குத் தெரிந்து குறையவில்லை. இறுகிய தசை கையைத் தாமதப்படுத்துகிறது. பிடியும் முன்கையும் தளர்ந்தால் சுழற்சி சீராகிறது. அந்தப் பருவத்தில் 255.2 இன்னிங்ஸில் 96 வாக். 1963இல் 311 இன்னிங்ஸில் 58 வாக், 306 ஸ்ட்ரைக் அவுட், 25 வெற்றி, 5 தோல்வி.

ஆனால் ‘தளர்த்து’ என்பதற்கும் ‘மெதுவாக எறி’ என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, பந்தை ‘வைத்து’ எறியப் பார்ப்பவர் கையின் ஓட்டத்தையே வெட்டிவிடுகிறார். குறி இன்னும் மோசமாகும். மெதுவாக வந்த பந்தை பேட்டர் வேலிக்கு வெளியே அனுப்புவார். கூஃபாக்ஸுக்குத் தேவைப்பட்டது தளர்ச்சி, ஜான்சனுக்குத் தேவைப்பட்டது பாதம். எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள்.

கட்டுப்பாடு முழுமையாக வராமலே பெரியவர் ஆனவரும் உண்டு. நோலன் ரயன் 1977இல் 299 இன்னிங்ஸில் 204 வாக், 341 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 2.77. கொடுத்த ஹிட் 198தான், வாக்கைவிடக் குறைவு. வாழ்நாள் கணக்கில் 5714 ஸ்ட்ரைக் அவுட்டும் 2795 வாக்கும், இரண்டுமே சாதனை. வாக் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் ஸ்டீவ் கார்ல்டன் 1833தான். அப்படிப்பட்ட ரயனும் 1989இல், 42 வயதில், 239.1 இன்னிங்ஸில் 98 வாக்கோடு நிறுத்திக்கொண்டார்.

கேள்வி: நன்றாக எறிந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று குறி போய்விடுமா?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: போயிருக்கிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஸ்டீவ் பிளாஸ் 1971 உலகத் தொடரின் (பருவத்தின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தை முழுதாக எறிந்து 2–1 என்று ஜெயித்துக் கொடுத்தவர். 1972இல் 19 வெற்றி, 249.2 இன்னிங்ஸ், 84 வாக். 1973இலும் அதே 84 வாக்தான். ஆனால் இன்னிங்ஸ் 88.2! ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.03ஆக இருந்தது 8.53ஆகத் தாவியது. ஈ.ஆர்.ஏ. 9.85. வாக்கை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அவருக்குக் காயம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பேட்டர் இல்லாத பயிற்சியில் நன்றாகவே எறிந்தார். எதிரே மட்டையோடு ஆள் நின்றதும் பந்து கையில் நிற்கவில்லை. தானாக நடக்க வேண்டிய செயலை நினைத்து நினைத்துச் செய்யத் தொடங்கினால் இப்படி ஆகும் என்று கருதுகிறார்கள். அவருடைய பெயரையே இந்தக் கோளாறுக்கு வைத்துவிட்டார்கள். செயின்ட் லூயிஸ் அணியின் ரிக் ஆங்கீலுக்கு 2000 அக்டோபர் 3 அன்று, 21 வயதில், அட்லாண்டாவுக்கு எதிராக, பருவத்துக்குப் பிந்தைய சுற்று ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச். அடுத்த பருவத்தில் 24 இன்னிங்ஸில் 25 வாக். பிறகு அவர் எறிவதை விட்டுவிட்டு மட்டையாளராகத் திரும்பி வந்து 2008இல் 25 ஹோம் ரன் அடித்தார். அந்த மன உறுதியை எத்தனை பாராட்டினாலும் தகும்.

சாதாரணமாக இரண்டு ஆட்டம் குறி தவறினால் இந்தப் பெயரை ஒட்டிவிடாதீர்கள். முதலில் தோளிலும் முழங்கையிலும் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். வலியை மறைக்கிறவர்கள் தங்களை அறியாமலே கையைத் தாழ்த்துவார்கள். குறி கெடுவதுதான் முதலில் வெளியே தெரியும்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. லிட்டில் லீகில் வலது கையால் எறிகிறான். வேகம் இருக்கிறது, ஆனால் இன்னிங்ஸுக்கு மூன்று நான்கு வாக். பயிற்சியாளர் ‘ஸ்ட்ரைக் போடு’ என்று கத்துவதோடு சரி. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?
— டெக்சஸ் வாசகி

பதில்: ‘ஸ்ட்ரைக் போடு’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தால் போட்டிருப்பான். அவனுக்குத் தேவை எங்கே தவறுகிறது என்ற தகவல்.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கேட்சருக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் உட்காருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் மூன்று விஷயம் குறியுங்கள்: கேட்சர் கையுறையை எங்கே காட்டினார், பந்து எங்கே வந்தது, அப்போது எத்தனை வெளிப்பந்து, எத்தனை ஸ்ட்ரைக். இரண்டு ஆட்டம் இப்படிக் குறித்தால் ஒரு வடிவம் தெரியும். வலது கைப் பிள்ளைக்கு, தவறும் பந்துகள் பெரும்பாலும் மேலேயும் மூன்றாம் பேஸ் பக்கமும் போனால், உடம்பு முந்திக்கொண்டு போகிறது, இடது தோள் சீக்கிரம் திறக்கிறது, கை பின்தங்குகிறது. கீழேயும் முதல் பேஸ் பக்கமும் போனால், பந்தை விடத் தாமதிக்கிறான், தலையும் கையுறைக் கையும் அந்தப் பக்கம் இழுக்கின்றன. நாலா பக்கமும் சிதறினால் கால் ஊன்றும் இடமே மாறுகிறது. முதல் இரண்டு இன்னிங்ஸ் சரியாக இருந்து பிறகு மேலே மேலே போனால், களைத்துவிட்டான், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கால் ஊன்றும் இடத்தைப் பார்க்க: ரப்பரின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி மண்ணில் நேர்க்கோடு கீறுங்கள். பத்துப் பந்து எறியச் சொல்லி, இடது பாதம் பதிந்த தடத்தைப் பாருங்கள். தடம் கோட்டின் மேலேயோ, கோட்டைத் தாண்டி மூன்றாம் பேஸ் பக்கம் ஒரு விரற்கடையோ இருக்கலாம். கோட்டுக்கு முதல் பேஸ் பக்கம் விலகினால் இடுப்பு முன்னதாகவே திறந்துவிடும். அதைவிட முக்கியம், பத்துத் தடமும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பது. ஒரு சாண் அகலத்துக்குச் சிதறினால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். காலைத் தூக்கி மேலே இரண்டு விநாடி நிறுத்திப் பிறகு எறிவது நிலையை உறுதியாக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை போதும்.

பந்து இல்லாமல் செய்யும் துண்டுப் பயிற்சி கைக்குச் சுமை தராது. சின்னக் கைத்துண்டின் முனையைப் பந்து பிடிப்பது போல நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளட்டும். அவன் எட்டி வைத்த முன்காலுக்கு அப்பால், அவனுடைய பாத அளவில் சுமார் ஐந்து பாதம் தள்ளி நீங்கள் கையுறையை மார்பு உயரத்தில் நீட்டுங்கள். எறிவது போலவே முழு அசைவையும் செய்து துண்டால் கையுறையைத் தட்ட வேண்டும். சீக்கிரம் விட்டாலோ தோள் விலகினாலோ துண்டு எட்டாது. கண்ணாடி தேவையில்லை, தவறு அவனுக்கே தெரியும்.

வாரத்துக்கு இரண்டு நாள், 46 அடியில், 30 பந்து எறியலாம். முதல் பத்துக்கு ஓரத்தைத் தொட வேண்டாம், நடுவில் ஃபாஸ்ட் பால். அடுத்த பத்துக்கு ஸ்ட்ரைக் கட்டத்தை நெடுக்கே இரண்டாகப் பிரித்து, சொன்ன பாதியில். கடைசிப் பத்தில் ‘இப்போது மூன்று வெளிப்பந்து, ஒரு ஸ்ட்ரைக்’ என்று நிலை சொல்லி எறியவையுங்கள். கர்வ் பந்துக்கு இப்போது அவசரமில்லை. ஃபாஸ்ட் பாலும் அதே கை வேகத்தில் எறிந்தாலும் மெதுவாகப் போகும் சேஞ்ச் அப்பும் போதும். ஆட்டத்தில் ஐந்தில் மூன்று பந்து ஸ்ட்ரைக் ஆனால் அவன் வயதுக்கு நல்ல அளவு. வாக்கை எண்ணுவதற்கு முன், ஒவ்வொரு பேட்டருக்கும் முதல் பந்து ஸ்ட்ரைக்கா என்று எண்ணுங்கள். முதல் பந்து சரியானால் வாக் தானே குறையும்.

ஓர் எச்சரிக்கை. வாக் கொடுக்கிற பிள்ளைதான் அதிகப் பந்து எறிகிறான். லிட்டில் லீக் விதிப்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துதான் உச்சம். 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்துவிட்டால் அன்று கேட்சராகவும் நிற்கக் கூடாது. பள்ளிக்கு ஓர் அணி, வெளியே ஓர் அணி என்று இரண்டிலும் ஆடினால் இரு அணிப் பயிற்சியாளர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியாமல் போய்விடும். அந்த எண்ணிக்கையை நோட்டில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: ஒரே பருவத்தில் அதிக வாக் கொடுத்தவர் யார்? குறைவாகக் கொடுத்தவர்?
— சென்னை வாசகி

பதில்: 1900க்குப் பிறகு அதிகம் கொடுத்தவர் கிளீவ்லாந்து அணியின் பாப் ஃபெல்லர், 1938இல் 208. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அதே பருவத்தில் 240 ஸ்ட்ரைக் அவுட்டும் எடுத்தார். குறைவாகக் கொடுத்த பருவங்களில் நாம் முதலில் சொல்ல விரும்புவது அட்லாண்டாவின் கிரெக் மேடக்ஸ் 1997இல் ஆடியது: 232.2 இன்னிங்ஸில் 20 வாக். அதிலும் 6 வாக், அணி வேண்டுமென்றே கொடுக்கச் சொன்னவை.